திருச்சி முற்றுகை, 1751–1752: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நடந்த படை நகர்வுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் போரைப் பற்றிய பக்கம் இது?

கர்நாடக நவாப் பதவி யாருக்கு என்ற சண்டையில், 1751 நடுப்பகுதியிலிருந்து 1752 ஜூன் வரை திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நடந்த படையெடுப்பைப் பற்றியது. பள்ளிப் பாடநூலில் இது ‘இரண்டாம் கர்நாடகப் போர்’ என்று இரண்டு பத்திகளில் முடிந்துவிடும். அந்த இரண்டு பத்தியில் ஆற்காட்டு முற்றுகைக்குத்தான் பாதி இடம். லால்குடி, சமயபுரம், கோவிலடி, ஊட்டத்தூர், திருவெறும்பூர் என்று நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் ஊர்கள் அதில் வரவே வராது. போரின் முடிவு அந்த ஊர்களில்தான் தீர்ந்தது.

ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரை உள்நாட்டுப் போர் என்பது சரியா?

சரி என்றே நினைக்கிறேன். 1748-இல் ஐரோப்பாவில் உடன்படிக்கை ஏற்பட்டு, இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்தில் இருந்த காலம் அது. சென்னைப் பட்டணத்தையே பிரெஞ்சுக்காரர்கள் 1749-இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இரு நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிகளும் தங்கள் பெயரில் போர் தொடுக்க முடியாது. ஆளுக்கொரு நவாபுக்குத் துணைப்படையாகத்தான் களத்தில் நின்றன.

சண்டை நாட்டுக்குள் முளைத்தது. நவாப் தோஸ்த் அலிகான் 1740-இல் மராத்தியரோடு நடந்த போரில் இறந்தார். அவருடைய மருமகன் சந்தா சாகிப் திருச்சியைக் கைப்பற்றி ஆண்டவர். 1741-இல் மராத்தியரிடம் சிக்கி, ஏழாண்டுக் காலம் சிறையிருந்து 1748-இல் திரும்பினார். இதற்குள் நிஜாம் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த அன்வருதீனை நவாபாக்கியிருந்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட, அவர் மகன் முகமது அலி தப்பி ஓடித் திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். பழைய குடும்பமா, புதிய குடும்பமா என்பதுதான் கேள்வி. இரு தரப்புச் சிப்பாய்களும் குதிரைக்காரர்களும் பெரும்பாலும் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். சம்பளம் எங்கே ஒழுங்காக வருகிறதோ அந்தப் பக்கம் போகக்கூடியவர்கள். 1752 மே மாதத்தில் அப்படியே போனார்கள். அது பின்னால் வருகிறது.

யார் யார் எந்தப் பக்கம்?

சந்தா சாகிப் பக்கம் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துப்ளே. களத்தில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா. பிரான்சின் கஜானாவையே ஆட்டம் காணவைத்த ஜான் லா என்ற நிதி நிபுணரின் தம்பி மகன் இவர்.

முகமது அலி பக்கம் ஆங்கிலக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனியை அன்று அப்படித்தான் சொன்னார்கள்), மைசூர் தளவாய் நஞ்சராஜய்யா, மராத்தியத் தலைவர் முராரி ராவ், தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மன், புதுக்கோட்டைத் தொண்டைமான். தஞ்சைப் படைக்குத் தளபதி மானோஜி. மைசூர்க்காரர்கள் வந்ததற்குக் காரணம், திருச்சியையே அவர்களுக்குக் கொடுத்துவிடுவதாக முகமது அலி வாக்களித்திருந்தார். கொடுக்கும் எண்ணம் அவருக்கு அப்போதே இருந்ததா என்பது வேறு விஷயம்.

புத்தகத்துக்குப் புத்தகம் தேதி மாறுகிறதே, எது சரி?

இரண்டும் சரி. ஆங்கிலேயர்கள் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாள்காட்டியில் எழுதினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியனில். இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். ஆங்கிலக் குறிப்பில் ஏப்ரல் 6 என்றால் பிரெஞ்சுக் குறிப்பில் ஏப்ரல் 17. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று வைத்துத்தான் ஆங்கிலேயர்கள் கணக்கை நேர் செய்தார்கள். இந்தப் படையெடுப்பு முழுவதும் அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் குழப்பம் நிலைத்துவிட்டது. இந்தப் பக்கத்தில் ஆங்கிலப் பதிவுகளின் பழைய கணக்கையே வைத்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று யோசிப்பவர்கள் மட்டும் மறக்காமல் 11 நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்போது ஆறுகள் எப்படி இருந்தன? அதற்கும் போருக்கும் என்ன தொடர்பு?

எல்லாத் தொடர்பும் உண்டு. இந்தப் படையெடுப்பை விளங்கிக்கொள்ள வாளையும் பீரங்கியையும் விடத் தண்ணீர்க் கணக்கு அதிகம் உதவும்.

திருச்சிக்கு மேற்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் கிடப்பது ஸ்ரீரங்கம் தீவு. கிழக்கே கல்லணை அருகில் இரண்டு ஆறுகளும் மறுபடி ஒன்றையொன்று தொட்டுவிடும் அளவுக்கு நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. அதனால் காவிரித் தண்ணீர் அதில் சரிந்து போய்விடாமல் காப்பது கல்லணையும் அதை ஒட்டிய கரைகளும். அவற்றை நம்பித்தான் தஞ்சைச் சீமையின் நெல் இருந்தது. கரையோரத்தில் கோவிலடிக் கோட்டை.

இன்று நாம் பார்க்கும் முக்கொம்பு மேலணை கட்டப்பட்டது 1836-க்குப் பிறகு. மேட்டூர் அணை 1934-இல் வந்தது. 1752-இல் இரண்டும் இல்லை. குடகு மலையில் மழை பிடித்தால் தண்ணீர் தடையின்றி நேரே இங்கே வந்துவிடும். பங்குனி, சித்திரையில் கொள்ளிடம் வெறும் மணல்வெளி. பீரங்கி வண்டியையே இழுத்துக்கொண்டு போகலாம். வைகாசி பிறந்தால் எந்த நாள் புதுத்தண்ணீர் இறங்கும் என்று சொல்ல முடியாது. தீவுக்குள் இருக்கும் படைக்கு அந்த ஆறு வறண்டிருக்கும்போது வேலியாக இருக்காது; நிரம்பினால் வாசலையே அடைத்துவிடும்.

முகமது அலியின் படையும் ஆங்கிலேயரும் திருச்சிக்குள் அடைபட்டது எப்படி?

1751 ஜூலையில் வாலிகண்டபுரத்தில் தோற்றுப் பின்வாங்கியதால். கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் போன ஆங்கிலப் படை, அந்தக் கோட்டையின் அதிகாரி எந்தப் பக்கம் சாய்வார் என்று காத்திருந்ததில் பல நாளைத் தொலைத்தது. சண்டை தொடங்கியதும் ஐரோப்பியச் சிப்பாய்கள் பீதியடைந்து ஓடினார்கள். நாட்டுச் சிப்பாய்கள் நின்று சண்டையிட்டார்கள். இதை எழுதிவைத்தவர்கள் ஆங்கிலேயர்களே என்பதால் நம்பலாம்.

பிறகு பின்வாங்கல்: ஊட்டத்தூர், அங்கிருந்து கொள்ளிடத்தின் வடகரையில் பிட்சாண்டார்கோயில், ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம், கடைசியில் காவிரியையும் கடந்து திருச்சிக் கோட்டைச் சுவரடி. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் புகுந்தவர்கள், இத்தனை பெரிய மதிலைக் காக்க ஆள் போதாது என்று கண்டு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு அதே தீவில் அதே கேள்வி லாவின் முன் வந்து நின்றது. சந்தா சாகிப் பின்னாலேயே வந்து தீவைப் பிடித்தார், கோவிலடியையும் பிடித்தார், காவிரியைக் கடந்து கோட்டைக்குக் கிழக்கே தண்டு இறங்கினார். முற்றுகை தொடங்கிவிட்டது.

கிளைவ் ஆற்காட்டுக்குப் போனது திருச்சியைக் காப்பாற்றவா?

ஆமாம். திருச்சியில் குவிந்திருந்த எதிரிப் படையில் ஒரு பகுதியை வடக்கே இழுப்பதுதான் நோக்கம். சந்தா சாகிப் தன் மகன் ராஜா சாகிப்பை ஆற்காட்டுக்கு அனுப்பினார். 1751 நவம்பரில் ராஜா சாகிப் ஆற்காட்டு முற்றுகையைக் கைவிட்டார். அந்தக் கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1752 மார்ச்சில் லாரன்ஸ் எந்த வழியாக வந்தார்?

கும்பினிப் படையின் தலைவர் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் இங்கிலாந்திலிருந்து திரும்பியதும், கடலூரை ஒட்டிய செயிண்ட் டேவிட் கோட்டையிலிருந்து மார்ச் 17 அன்று கிளம்பினார். சுமார் 400 ஐரோப்பியர்கள், 1,100 சிப்பாய்கள், 8 பீரங்கிகள், திருச்சிக்கு வேண்டிய தளவாடங்கள். கிளைவ் அவருக்குக் கீழே. நேர்வழியில் வாலிகண்டபுரம், ஊட்டத்தூர் என்று வராமல் தஞ்சைச் சீமை வழியாக வந்தார். அரிசி கிடைக்கும், மாடு கிடைக்கும், மன்னர் நம் பக்கம் என்ற கணக்கு. டெல்டாவின் வாய்க்கால்களும் சேறும் வண்டிக்கு எமன்தான். ஆனால் பங்குனியில் தரை காய்ந்திருக்கும்.

துப்ளே லாவுக்குத் தெளிவான உத்தரவு அனுப்பியிருந்தார்: இந்தப் படை திருச்சி போய்ச் சேரக் கூடாது. லா கோவிலடியில் ஆட்களை நிறுத்தினார். லாரன்சின் வழிகாட்டிகள் வழி தவறி, படையைக் கோவிலடிப் பீரங்கிகளின் எட்டும் தூரத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சிலர் செத்தார்கள், படை கடந்துவிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்கள் வெளியே வந்து வண்டித் தொடரைத் தாக்கியிருக்க வேண்டாமா? வரவில்லை. லா தவறவிட்ட முதல் வாய்ப்பு இதுதான்.

அடுத்த நாள் திருச்சிக்குக் கிழக்கே, திருவெறும்பூர்க் குன்றுக்கும் காவிரிக்கும் இடையில் லா அணிவகுத்து நின்றார். லாரன்ஸ் அந்த வாயில் தலையைக் கொடுக்காமல் குன்றுக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு போனார். நண்பகலில் பீரங்கிச் சண்டை. சந்தா சாகிப்பின் குதிரைப்படைத் தலைவர் ஆலம் கான் குண்டடிபட்டு இறந்தார். ஆங்கிலப் பக்கம் குண்டுக்குத் தப்பிய சிலர் வெயிலுக்கு இறந்தார்கள். பங்குனி வெயிலில் கம்பளிச் சட்டையோடு நடந்தால் வேறென்ன ஆகும்?

லா ஏன் ஸ்ரீரங்கம் தீவுக்குள் போனார்? அதுதான் தோல்விக்குக் காரணமா?

இந்தப் பக்கத்துக்கு அதிகமாக வரும் கேள்வி இது. என் பதில்: ஆமாம்.

நடந்தது இது. லாரன்ஸ் வந்து சேர்ந்த சில நாளில், சந்தா சாகிப்பின் முகாமை இரவில் தாக்க கேப்டன் டால்டனை 400 பேரோடு அனுப்பினார். வழிகாட்டிகள் இருட்டில் வழியைத் தொலைத்தார்கள். விடிந்து பார்த்தால் டால்டன் எதிரியின் நிலைகளுக்கு நடுவே நிற்கிறார். ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட்டார். தாக்குதல் என்ற வகையில் முழுத் தோல்வி. ஆனால் லாவோ, இவ்வளவு துணிச்சலாக உள்ளே வருகிறார்கள் என்றால் பெரிதாக ஏதோ திட்டம் இருக்கிறது என்று எண்ணிவிட்டார். காவிரிக்குத் தெற்கே இருந்த முகாமைக் கலைத்துத் தீவுக்குள் போக உத்தரவிட்டார்.

சந்தா சாகிப் மறுத்துப் பார்த்தார். அவர் திருச்சியை ஆண்டவர்; ஆற்றையும் சாலையையும் அறிந்தவர். தென்கரையை விட்டால் சோறு போடும் நாட்டை விட்டதாகும் என்பது அவருக்குத் தெரியும். லா கேட்கவில்லை. அவசரத்தில் கொண்டுபோக முடியாத தானியத்துக்கும் தீவனத்துக்கும் தீ வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பட்டினி கிடக்கப்போகிற படை தன் நெல்லைத் தானே கொளுத்தியது! திருவெறும்பூர்க் குன்றுக் கோயிலில் ஒரு சிறு காவலை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். டால்டன் அதை உடனே பிடித்துவிட்டார்.

லாவின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் இரண்டின் மதில்களும் பீரங்கியைத் தாங்கும். புதுச்சேரியிலிருந்து உதவி வரும் வரை அங்கே தாக்குப்பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் புதுச்சேரிச் சாலை திறந்திருக்க வேண்டும். அந்தச் சாலை கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது. வடகரையில் அவர் வைத்திருந்தவை பிட்சாண்டார்கோயில் போன்ற சில சிறு காவல்கள் மட்டுமே.

படையை இரண்டாகப் பிரிக்கும் திட்டம் யாருடையது?

யோசனை கிளைவுடையது, உத்தரவு லாரன்சுடையது. பாராட்டை யாருக்குக் கொடுப்பது என்று இங்கிலாந்தில் வெகுகாலம் பேசினார்கள். எனக்கு உத்தரவிட்டவர்தான் பெரியவராகத் தெரிகிறார். குறுக்கே இரண்டு ஆறுகளும் எதிரிப் படையும் இருக்க, தன் படையைப் பாதியாக்கி ஒரு பாதியைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்புவது சிறிய விஷயமில்லை. பிரிந்த பாதியில் எது தோற்றாலும் மற்றது தனித்து நிற்கும்.

லாரன்ஸ் ஒரு நிபந்தனை வைத்தார்: வடக்கே போகும் படை ஒருநாள் நடையில் திரும்பி வரக்கூடிய தூரத்திலேயே இருக்க வேண்டும். சமயபுரம் தேர்வானதற்கு அதுதான் காரணம். புதுச்சேரிச் சாலையின் மேலேயே இருக்கிறது, கொள்ளிடமும் கூப்பிடு தூரம்.

ஏப்ரல் 6 இரவு கிளைவ் கொள்ளிடத்தைக் கடந்தார். 400 ஐரோப்பியர்கள், 700 சிப்பாய்கள், 3,000 மராத்தியக் குதிரைகள், தஞ்சையின் 1,000 குதிரைகள், 8 பீரங்கிகள்.

கேப்டன்களில் இளையவரான கிளைவிடம் எப்படிக் கொடுத்தார்கள்?

மராத்தியரும் தஞ்சையாரும் கிளைவ் தலைமை என்றால்தான் வருவோம் என்றார்கள். மூத்த கேப்டன்கள் முணுமுணுத்தார்கள், லாரன்ஸ் பொருட்படுத்தவில்லை.

லால்குடிக்கு இதில் என்ன பங்கு?

கொள்ளிடத்தின் வடகரையில், தீவுக்குக் கிழக்கே இருந்த லால்குடியில் சந்தா சாகிப்பின் தானியக் கிடங்கு இருந்தது. கிளைவின் ஆட்கள் அதைப் பிடித்தார்கள். தீவின் வயிறு அன்றே காயத் தொடங்கியது. இதன் பிறகு மானோஜி, ஏப்ரல் கடைசியில், தஞ்சைப் படையோடு கோவிலடியைக் கைப்பற்றினார். வடக்கே லால்குடி போயிற்று, கிழக்கே கோவிலடி போயிற்று, தெற்கே திருச்சியில் லாரன்ஸ், மேற்கே மைசூர்ப் படை. சமயபுரத்து இரவைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். கோவிலடியைப் பிடித்த மானோஜியைப் பற்றித் தஞ்சாவூரிலேயே கேட்டால் தெரியாது என்பார்கள்.

உத்தரவுகள் ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போயின?

ஹர்காராக்கள் என்ற ஓட்டத் தூதர்கள் மூலம். அவர்களே உளவாளிகளும்கூட. ஐரோப்பிய அதிகாரிக்கும் நாட்டுத் தளபதிக்கும் நடுவே துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளர். தஞ்சைக்கும் முராரி ராவுக்கும் மராத்தி, மைசூருக்குக் கன்னடம், நவாபுக்குப் பாரசீகம், சிப்பாய்களுக்குத் தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும். ஒரே உத்தரவு இத்தனை வாய் மாறிப் போகும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரவில் ஆற்றைக் கடந்து எதிரி எல்லைக்குள் ஓலையோடு போன அந்த ஓட்டக்காரர்களில் ஒருவர் பெயரையும் யாரும் எழுதிவைக்கவில்லை.

செய்தி தாமதமாவதும் பாதியாக வருவதும் எவ்வளவு பெரிய விபரீதம் என்பதற்கு அடுத்த கேள்வியே சான்று.

சமயபுரத்தில் அந்த இரவு என்ன நடந்தது?

லாவின் மந்தத்தால் பொறுமை இழந்த துப்ளே, அவருக்கு மேலாக தோத்தேய் என்ற அதிகாரியை 120 ஐரோப்பியர், 500 சிப்பாய்களோடு அனுப்பினார். ஏப்ரல் நடுவில் அவர் ஊட்டத்தூர் வந்து சேர்ந்தார். சமயபுரத்துக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். கிளைவை மேற்கே சுற்றிக்கொண்டு கொள்ளிடத்தை அடைவது அவர் திட்டம். தூதர்கள் லாவுக்குச் செய்தி சொல்ல, அதில் ஒருவர் கிளைவிடமும் சிக்கினார். கிளைவ் இரவோடு இரவாக தோத்தேயை மறிக்கக் கிளம்பினார். தோத்தேய் அதை அறிந்து ஊட்டத்தூருக்கே திரும்பிவிட்டார். கிளைவும் சமயபுரம் திரும்பிவிட்டார்.

லாவுக்கு எட்டியது முதல் பாதிச் செய்தி மட்டும்: கிளைவ் போய்விட்டார். சமயபுரம் காலி என்று நினைத்து 80 ஐரோப்பியர்களையும் 700 சிப்பாய்களையும் அனுப்பினார். அந்த 80-இல் பாதிப்பேர் ஆங்கிலப் படையிலிருந்து ஓடிப்போனவர்கள். காவல்காரன் தடுத்தபோது அவர்களில் ஒருவன் நல்ல ஆங்கிலத்தில், லாரன்ஸ் அனுப்பிய கூடுதல் படை என்றான். காவல் வழிவிட்டது.

முகாமின் நடுவே, இரண்டு கோயில்களை ஒட்டிய சத்திரத்தில் கிளைவ் தூங்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டு எழுந்தவர், வெளியே சுட்டுக்கொண்டிருந்த சிப்பாய்களைத் தன் ஆட்கள் என்று நினைத்து, ஏன் வெறுமனே சுடுகிறீர்கள் என்று அவர்களுக்குள்ளேயே நுழைந்து திட்டினார். ஒரு சிப்பாய் வாளால் வெட்டிய பிறகுதான் எதிரி என்று புரிந்தது. இருட்டில் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. வந்தவர்கள் ஒரு கோயிலைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை விடவில்லை. காலையில் கிளைவ், இரத்தம் போய்த் தள்ளாடி, இரண்டு சார்ஜண்டுகளின் தோளில் சாய்ந்தபடி சரணடையச் சொல்லப் பேசினார். ஓடிப்போனவர்களின் தலைவன் சுட்டதில் இரண்டு சார்ஜண்டுகளும் விழுந்தார்கள், கிளைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கோயிலில் இருந்தவர்கள் சரணடைந்தார்கள். கொள்ளிடம் நோக்கித் திரும்பிய 700 சிப்பாய்களை மராத்தியக் குதிரைகள் திறந்தவெளியில் துரத்தி வெட்டினார்கள்.

இந்தக் கதை முழுவதும் கிளைவைப் போற்றிய ஆங்கிலேயர்கள் சொன்னது. தோள் கொடுத்தவர்கள் செத்து அவர் மட்டும் பிழைத்த இடத்தில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம் என்பது என் எண்ணம். தூக்கத்தில் இருந்த காவலைப் பற்றி அந்தக் கதைகள் அதிகம் பேசுவதில்லை.

ஊட்டத்தூரில் இருந்த தோத்தேய் என்ன ஆனார்?

மே மாதத்தில் டால்டன் ஒரு படையோடு ஊட்டத்தூர் போனார். எண்ணிக்கையில் பெரிய படை என்று காட்டி மிரட்டியதில் தோத்தேய் வாலிகண்டபுரத்தை நோக்கிப் பின்வாங்கினார். வேலை முடிந்து டால்டன் திரும்ப வேண்டும். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. கடக்க முடியவில்லை. மூத்தவரான அவர், பதவி பார்க்காமல் தன் ஆட்களைக் கிளைவிடம் ஒப்படைத்துவிட்டுத் தானும் உடன் நின்றார். இந்தப் போரில் எனக்குப் பிடித்த மனிதர் டால்டன்தான்.

தோத்தேய் மே மாதக் கடைசியில் வாலிகண்டபுரத்தில் கிளைவிடம் சரணடைந்தார். கோட்டை அதிகாரி இந்த முறையும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தே நடந்துகொண்டார். பிரெஞ்சுக்காரர்களை உட்கோட்டைக்குள் விடவில்லை.

தீவு எப்படி விழுந்தது?

பிட்சாண்டார்கோயிலைப் பிடித்த நாட்களில், வெள்ளத்தைத் தடுக்கப் போட்டிருந்த கொள்ளிடக் கரை மேட்டையே கொத்தளமாக்கி, அதில் துளைகள் வெட்டிப் பீரங்கிகளை வைத்தார்கள். எதிர்க்கரையில், தீவின் வட ஓரத்தில், சந்தா சாகிப்பின் முகாம். குண்டுகள் கூடாரங்களுக்கும் யானைகளுக்கும் ஒட்டகங்களுக்கும் குடும்பங்களுக்கும் நடுவே விழுந்தன. ஒரு தண்டு என்றால் சிப்பாய்கள் மட்டுமல்ல; பெண்கள், பிள்ளைகள், கடைக்காரர்கள், மாட்டுக்காரர்கள் என்று சண்டைக்காரர்களைப் போலப் பல மடங்கு.

சம்பளம் இல்லை, அரிசி இல்லை. படைத்தலைவர்கள் சந்தா சாகிப்பிடம் போய் விடைகேட்டார்கள். கோபப்படாமல், கொடுக்க வேண்டிய பாக்கியை என்றாவது கொடுப்பேன் என்று சொல்லி அனுப்பினாராம். சுமார் 2,000 குதிரைக்காரர்களும் 1,500 காலாட்களும் கிளைவிடமே வேலைக்குச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் கலைந்து ஊர் போனார்கள். மிஞ்சியவர்களோடு சந்தா சாகிப் ஸ்ரீரங்கம் கோயிலிலும், பிரெஞ்சுக்காரர்கள் திருவானைக்காவல் கோயிலிலும் ஒடுங்கினார்கள். லாரன்ஸ் திருச்சியிலிருந்து காவிரியைக் கடந்து, தீவின் குறுக்கே அகழி வெட்டிக் கிழக்கு வழியையும் அடைத்தார்.

சந்தா சாகிப்பைக் கொன்றது யார்?

மானோஜியின் உத்தரவில், தஞ்சை முகாமில் தலை வெட்டப்பட்டார். இதில் சந்தேகமில்லை. தூண்டியது யார் என்பதில்தான் வழக்கு.

தப்பிக்க வழியின்றி அவரும் லாவும் மானோஜியோடு பேரம் பேசினார்கள். பணத்துக்குப் பதிலாகப் பிரெஞ்சு எல்லைக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதாக மானோஜி சத்தியம் செய்தார். பல்லக்கில் ஏறி வந்தவரைச் சங்கிலியில் பூட்டினார். மறுநாள் ஆலோசனையில் நவாபும் மைசூரும் முராரி ராவும் ஆளுக்கு ஆள் கைதியைக் கேட்டார்கள். கும்பினிக் கோட்டை ஒன்றில் வைக்கலாம் என்றார் லாரன்ஸ். யாரிடம் கொடுத்தாலும் மற்றவர்கள் பகை. மானோஜி ஜூன் தொடக்கத்தில் சிக்கலை வாளால் முடித்தார். தலை முகமது அலிக்குப் போனது. துப்ளே, லாரன்ஸ்தான் கொல்லவைத்தார் என்றார். லாரன்ஸ் விரலைக்கூட அசைக்கவில்லை என்பது எனக்குப் போதுமான குற்றமாகவே படுகிறது; அவர் நினைத்திருந்தால் தடுத்திருக்க முடியும்.

லா அதே நாட்களில் சுமார் 800 பிரெஞ்சுப் படையினரோடும் 2,000 சிப்பாய்களோடும் பீரங்கிகளோடும் சரணடைந்தார். வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் வேளை. இன்னும் சில வாரம் தாக்குப்பிடித்திருந்தால் இரு ஆற்று வெள்ளமும் முற்றுகையிட்டவர்களைத்தான் துண்டாடியிருக்கும்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குச் சேதம் உண்டா?

உள்ளே சந்தா சாகிப்பின் படையைச் சேர்ந்த சுமார் 1,000 ராஜபுத்திரர்கள் இருந்தார்கள். எல்லோரும் சரணடைந்த பிறகும் அவர்கள் கோயிலை விட மறுத்தார்கள். மூன்றாம் மதிலைத் தாண்டி எவன் வந்தாலும் வெட்டுவோம் என்றார்கள். ஆங்கிலேயர்கள் தாண்டவில்லை.

மருதநாயகம் இந்தப் போரில் இருந்தாரா?

கான் சாகிப் யூசுப் கான் என்று கும்பினி ஏடுகள் சொல்லும் மருதநாயகத்தின் புகழ், இதற்கு அடுத்த கட்டத்தில், 1753–54-இல் திருச்சிக்கு அரிசி வண்டிகளைக் காடு வழியாகக் கொண்டுவந்து சேர்த்ததில் உயர்ந்தது. தொண்டைமான் நாட்டிலிருந்து வந்த அந்த மாட்டுத் தொடர்கள் இல்லாமல் திருச்சி தாங்கியிருக்காது. அதே கும்பினியின் படை மதுரையை முற்றுகையிட்டுப் பிடிக்க, 1764-இல் நவாப் முகமது அலியின் உத்தரவில் அவர் அங்கே தூக்கிலிடப்பட்டார்.

1752 ஜூனோடு போர் முடிந்ததா?

இல்லை. மைசூர்க்காரர்கள் வாக்களித்தபடி திருச்சியைக் கேட்டார்கள், முகமது அலி கொடுக்கவில்லை. அவர்களும் முராரி ராவும் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் திருச்சிக்கு மறுபடி முற்றுகை. இந்த முறை நேற்றைய நண்பர்களே வெளியில். 1753-இல் பொன்மலை அருகே பெரிய சண்டைகள் நடந்தன.

தஞ்சைச் சீமை அதிகம் பட்டது 1754-இல். தஞ்சை மன்னர் ஆங்கிலேயரோடு சேராமல் மிரட்ட வேண்டும் என்று, பிரெஞ்சுக்காரர்கள் அந்த மே மாதத்தில் கோவிலடியைப் பிடித்து, காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் சரியாமல் காத்த கரைகளை உடைத்தார்கள். இதைவிடக் கொடிய உத்தரவு இந்தப் போரில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. குறுவைக்கு நாற்று விடும் பருவத்தில் ஆற்றையே திருப்புவது படையோடு சண்டை போடுவதாகாது. அக்டோபரில் போர் நிறுத்தம் ஏற்பட்டது. துப்ளே பிரான்சுக்கு அழைக்கப்பட்டார்.

இன்று போய்ப் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

மலைக்கோட்டை உச்சியில் ஏறினால் மொத்தக் களமும் ஒரே பார்வையில் கிடைக்கும்: கீழே காவிரி, தீவில் இரண்டு கோயில்களின் கோபுரங்கள், அப்பால் கொள்ளிடம், கிழக்கே திருவெறும்பூர்க் குன்று, தெற்கே பொன்மலை. கோட்டைச் சுவரில் மிஞ்சியது மெயின்கார்டு கேட். திருவெறும்பூர் எறும்பீசுவரர் கோயிலுக்குப் படிகள் குறைவு. லாவின் அணிவகுப்பு எங்கே நின்றிருக்கும் என்று அங்கிருந்து நன்றாகப் புரியும். வாலிகண்டபுரத்துக்குப் போகிறவர்கள் பக்கத்தில் ரஞ்சன்குடிக் கோட்டையையும் பார்த்துவிடலாம். கல்லணைக்குப் போகும் பஸ் எல்லாம் கோவிலடிப் பக்கம் போகாது, கேட்டு ஏறுங்கள். சமயபுரத்துக்குச் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு தவிர்த்துப் போவது நல்லது. கூட்டத்தில் போர்க்களம் தேட முடியாது.